ஏழுக்கும் தெரியாதுங்க

கேட்டது ஏழு கேள்வி. ஏழுக்கும் மயில்சாமி சொன்ன பதில் ஒன்றுதான்.

"தெரியாதுங்க."

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஜவ்வரிசி மொத்த வியாபாரக் கம்பெனி. வருஷம் 1986. கம்ப்யூட்டர் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, உறை போட்டு மூடி எட்டு மாசம் ஆகியிருந்தது. அதை ஓட்ட ஒரு ப்ரோக்ராமர் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள்.

வந்தது ஐந்து பேர். கேள்வி கேட்டவர் ஹெட் கிளார்க் கந்தப்பன். அவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. மெஷினை விற்றவன் கேள்வியையும் பதிலையும் டைப் அடித்துக் கொடுத்திருந்தான், அதைப் பார்த்து வாசித்தார். பக்கத்தில் மேனேஜர், ஃபோனும் காதுமாக.

"ஆறு மாசம் கோர்ஸ் படிச்சதாச் சர்ட்டிபிகேட் வெச்சிருக்கறீங்களே தம்பி?"

"மூணாவது மாசமே வாத்தியாரு பெங்களூர் போயிட்டாருங்க. சர்ட்டிபிகேட் மட்டும் எல்லாத்துக்கும் குடுத்துட்டாங்க."

இப்படியா ஒருத்தன் இன்டர்வியூவில் பேசுவான்? நாலு வார்த்தை இங்கிலீஷில் அடித்து விட்டிருந்தால் அந்த ரூமில் யாருக்குத் தெரியப் போகிறது.

அவனுக்கு இது பன்னிரண்டாவது இன்டர்வியூ. காலையில் நாமகிரிப்பேட்டையில் பஸ் ஏற்றி விடும்போதே அப்பா சொல்லிவிட்டார். "இதுவும் இல்லேன்னா பேசாம மாமனோட ரிக் வண்டியில ஏறிக்கோ. அடுத்த வாரம் மத்தியப் பிரதேசம் கெளம்பறாங்க."

போர்வெல் போடுகிற அந்த வண்டியில் ஏறினால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்ப முடியும். போன வருஷம் போய் வந்த பெரியம்மா மகனுக்கு ஒரு காது கேட்கவில்லை.

அவனுக்கு முன்னால் உள்ளே போன திருச்செங்கோட்டுப் பெண் ஏழுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். டைப் அடித்த பதிலில் மூன்றாவது தப்பு என்றும் சொல்லிவிட்டு வந்தாள். "வேலை உங்களுக்குத்தானுங்க" என்று மயில்சாமியே அவளிடம் சொன்னான்.

எல்லோரும் போன பிறகு மேனேஜரும் அதையேதான் கேட்டார். "அந்தப் பொண்ணுதானுங்களே கந்தப்பன்?"

"வேண்டாமுங்க. கேள்வி கேக்கறவங்ககிட்டயே குத்தம் கண்டுபிடிக்கறா. இந்தப் பையனைப் பாருங்க, தெரியாததைத் தெரியாதுங்கறான். நாணயமான ஆளுங்க. மத்ததைப் பழகிக்குவான்."

"நீங்க சொன்னாச் சரி."

ஆர்டர் மயில்சாமிக்கு வந்தது. "உன் நாணயத்துக்குக் கெடச்ச வேலைப்பா, ஹெட் கிளார்க்குக்குத்தான் நன்றி சொல்லோணும்" என்றார் மேனேஜர். கந்தப்பன் முன்னால் போய் நின்றவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்களை மறக்க மாட்டனுங்க."

"அதுக்கென்ன சாமி. ஒண்ணும் அவசரமில்ல. ரெண்டு மூணு வருஷத்துல பழகிட்டாப் போதும்."

பெரியவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? நம்பி எடுத்த மனுஷனுக்குத் தன்னால் கெட்ட பெயர் வரக்கூடாது. செருப்பை வாசலில் விட்டு ஏசி ரூமுக்குள் போனால் மயில்சாமி சாயங்காலம்தான் வெளியே வருவான். மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தை டிக்ஷனரி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

கந்தப்பன் ஒரு நாளைக்கு நாலு தடவை எட்டிப் பார்ப்பார். "கண்ணு கெட்டுப் போயிரும், எந்திரிச்சு வந்து டீ குடி சாமி" என்பார். பெற்ற அப்பன்கூட அவனை இப்படிக் கேட்டதில்லை.

ஐந்தாவது மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷின் ஓடியது.

எந்த லாரியில், எந்த ஊருக்கு, எத்தனை மூட்டை என்கிற அன்றைய லோடு லிஸ்ட். விவரத்தைத் தட்டி முடித்ததும் பதினோரு நிமிஷத்தில் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தது. கந்தப்பனும் அவருக்குக் கீழே மூன்று கிளார்க்குகளும் கார்பன் வைத்து நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற லிஸ்ட் அது.

செருப்பைக்கூடப் போடாமல் மயில்சாமி அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"ஐயா, ஓடிருச்சுங்க."

கந்தப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். தாங்கள் எழுதின லிஸ்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். மற்ற மூன்று பேரும் எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார்கள்.

"எங்காச்சும் தப்பு இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குது. நாங்க எழுதுனதுல." அவர் நிமிர்ந்தார். "மேனேஜர்கிட்டக் காட்டிட்டயா?"

"இல்லீங்க. நீங்கதான மொதல்ல பாக்கோணும்."

கந்தப்பன் பேப்பரை மடித்து மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவனிடம் இனி மறைப்பது பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எனக்கு ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். இந்தக் காளியப்பனுக்கு மூணு. மெஷின் ஓடுனா அடுத்த மாசமே நாலு பேரும் ஊட்டுக்குப் போயிரோணும்னு அதை வாங்குன அன்னிக்கே மொதலாளி சொல்லிட்டாரு. நீ ஏழுக்கும் தெரியாதுன்னதும் எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு சாமி. நாங்க இருக்கற வரைக்கும் இவன் அதை ஓட்ட மாட்டான்னு நம்பித்தான் உன்னைய எடுத்தேன்."