போட்டுட்டேன்

கொலைக்குப் பின்விளைவு உண்டு என்பதுதான் நான் உருவாக்கிய மேசை விளையாட்டின் கரு. யாரைக் கொன்றாலும், செத்தவருக்காக வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று கொன்றவரே அட்டையில் எழுத வேண்டும்.

ஆடிப் பார்க்க மனைவியின் தம்பியை உட்கார வைத்தேன். அரைமணி நேரத்தில் காவல்காரனின் மண்டையைப் பிளந்தான், சமையல்காரனின் கழுத்தை அறுத்தான், படகோட்டியை உயிரோடு கொளுத்தினான்.

"கொல்றதுகூட சுலபம் மாமா. இந்த எழுத்து வேலைதான் கொடுமை" என்று சிரித்தான்.

ஆட்டப் பலகையில் அடுத்த அறை காலி. பகடையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, என் குறிப்பேட்டில் குனிந்தேன்.

"போட்டுட்டேன்" என்றான்.

நிமிர்ந்தேன். பகடை வைத்த இடத்திலேயே இருந்தது.

"எங்கடா போட்டே?"

"ஆளைப் போட்டுட்டேன் மாமா."

"அந்த அறையில யாருமே இல்லையேடா!"

அவன் நாலாவது அட்டையை எழுதிக்கொண்டிருந்தான். 'என் அக்காவும் நானும்' என்று இருந்தது. அட்டைகளுக்கான மரப்பெட்டிக்கு ஆணியடிக்க நான் வாங்கிய சுத்தியல் அவன் மடியில் ஈரமாகக் கிடந்தது.

மனைவி ஒரே ஒரு தேநீர்க் கோப்பையோடு வந்து, மேசைக்கு என் பக்கத்துத் தரையைப் பார்க்காமலே, அதை அவன் முன்னால் வைத்தாள்.

"தனியாவா ஆடிட்டு இருக்கே? மாமா எங்கடா?"

அவன் அந்த அட்டையை அவளிடம் நீட்டினான்.