தெப்பத்தின் பாரம்

எழுதிப் பழக்கமில்லாதவன் பெரியோர் முன் பேனா எடுத்த துணிவைப் பொறுத்தருளப் பணிவுடன் வேண்டுகிறேன்.

1911-ஆம் ஆண்டு தை மாதம், பாளையங்கோட்டை ஆசிரியர் வேதமுத்து, பாபநாசத்துக்கு மேலே பாறைகளுக்கிடையில் ஆறு சீறிப் பாயும் மலையிடுக்கில் மூங்கில் தெப்பம் ஏறினார். முந்தைய ஆண்டு அங்கே தெப்பம் கவிழ்ந்து மறைந்த தம்பி நேசையாவின் எலும்பையாவது கொண்டுவந்து அடக்கம் செய்வதென்று உறுதி பூண்டிருந்தார். வழிகாட்டவும் தெப்பம் செலுத்தவும் பூதத்தான் வந்தான்.

மூன்று நாள் மணல்திட்டுகளில் கூடாரமடித்துத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காம் நாள் காலையில் கீழ்த்துறைக்குப் புறப்பட்டதும் தெப்பம் அமுங்கியது.

"ஐயா, வரும்போது இம்புட்டு அமுங்கலையே! மலையையா பேத்து ஏத்தியிருக்கீய? சாமானைத் தள்ளுங்க, முன்னால பெரிய சுழிப்பு கெடக்கு."

வேதமுத்து ஒவ்வொன்றாக ஆற்றில் தள்ளினார். தெப்பம் ஒரு விரற்கடையும் உயரவில்லை.

"இன்னும் ஓராள் பாரம் இருக்கு," என்றான் பூதத்தான், திரும்பிப் பார்க்காமல்.

"இருக்கட்டும். நீ கழியை விட்டுராதே."

சுழிப்பைக் கடந்து துறை சேர்ந்தார்கள். இருவரும் இறங்கிய பின்னும் தெப்பம் அமுங்கியே கிடந்தது. வேதமுத்து இடுப்பளவு நீரில் நின்று கையை நீட்டினார்.

"கரை வந்தாச்சு. பைய இறங்குலே, நேசையா."

தெப்பம் மேலெழுந்தது.

அப்பயணத்தில் இழந்தவை: கூடாரம் ஒன்று, சோற்றுப்பானை ஒன்று, கம்பளி இரண்டு, அரிக்கேன் விளக்கு ஒன்று. ஆள் எவருமில்லை.