வண்டி வீட்டுக்கு ஒரு ஆன்டெனா

"வீடு எந்தப் பக்கம் பாத்திருக்கும்மா?" என்று கடைக்காரர் கேட்டார். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சி வேன்தான் வீடு என்று ரெஜினா சொன்னதும், தானே சுற்றிச் சிக்னல் பிடிக்கும் ஆன்டெனாவை எடுத்து வைத்தார். "கையால திருப்புறதும் இதுவும் ஒரே விலைதான். இதுன்னா கூரை மேல ஏறவே வேணாம்." அவள் கையால் திருப்புவதையே கேட்டு வாங்கினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

மரணக் கிணற்றில் பைக் ஓட்டிய அவள் கணவன் அற்புதராஜ், விழுந்து இடுப்பொடிந்து படுத்து ஒன்றரை வருடமாகிறது. தான் விழுந்ததைவிட, அதே பைக்கை அவள் விழாமல் ஓட்டுவதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் பேசுவதில்லை; சோறு வேண்டுமென்றாலும் தட்டைத்தான் தட்டுவான். டி.வி.க்காக அவள் கையால் திருப்பிவந்த பழைய ஆன்டெனா காற்றில் ஒடிந்ததிலிருந்து வண்டிக்குள் அவன் பேச்சுச் சத்தமே இல்லை.

மறுநாள் காலையில் வேன் கூரைமேல் ஏறிக் கம்பியைத் திருப்பினாள். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"வரல... இன்னும் கொஞ்சம்... புள்ளி புள்ளியா இருக்கு... ஆங், வந்துடுச்சு. விடு, போதும்."

அவள் கம்பியை இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினாள்.

"அய்யோ, போச்சு! என்னடி பண்ற அங்க?"

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டுவிட்டு, ரெஜினா கூரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.