நீலப் பூரணம்

பிஸ்கட் பெட்டியில் ஒன்று குறைந்திருந்தது.

சந்தோஷத்தில் அவள் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

ஃப்ரிட்ஜுக்கு மேலே, நாற்காலி போட்டால்தான் எட்டும் இடத்தில், அவள் வேண்டுமென்றே வைத்த பெட்டி அது. கூடத்துத் தட்டில் அடுக்கியிருந்த சிவப்பு, மஞ்சள், பச்சை பிஸ்கட்டுகளுக்குள் ஜாம் பூரணம். பெட்டியில் இருந்தவையும் வெளியே பார்க்க அதே மாதிரிதான். உள்ளே மட்டும் நீலம். கடித்தால் வாயெல்லாம் மை குடித்த மாதிரி ஆகிவிடும்.

போன தடவை இதே மாதிரி குடும்பமே கூடியிருந்தபோது, நாத்தனார் வாங்கி வந்த சாக்லேட் காணாமல் போனது. நாத்தனார் வேறு எந்தப் பிள்ளையையும் கேட்கவில்லை. இவள் மகளை மட்டும் கூடத்து நடுவில் நிறுத்தி, கவுன் பையை வெளியே இழுத்து உதறினாள். விழுந்தது ஒரு கைக்குட்டை.

“இந்த வயசுலயே கை நீளம்” என்றாள், அப்போதும்.

ஏழு வயதுக் குழந்தை. அன்று தூக்கத்திலும் விசும்பியது. பெற்றவளுக்கு ஆறுமா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாக்லேட்டை எடுத்தது நாத்தனாரின் சீமந்த புத்திரன்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கன்னத்தைப் பார்த்தாலே தெரியாதா? இன்று அத்தனை பேர் முன்னாலும் அவன் வாயைத் திறக்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

“பசங்களா, வரிசையா நின்னு நாக்கை நீட்டுங்க பாக்கலாம்!”

ஏதோ விளையாட்டு என்று பிள்ளைகள் முண்டியடித்தன. நாத்தனார் மகன்தான் முதல் ஆள். வயிறு தெரிகிற அளவுக்கு வாயைத் திறந்தான்.

ரோஜா இதழ் மாதிரி இருந்தது நாக்கு.

அடுத்தவன். அதற்கடுத்தவள். ஒன்றிலும் நீலம் இல்லை.

கடைசியில் அவள் மகள். உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் அம்மாவைக் கெஞ்சியது.

உதட்டோரத்தில் ஒரு கீற்று நீலம்.

“உன் பொண்ணு மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறா?” நாத்தனார் எழுந்தே விட்டாள்.

பெற்றவள் சட்டென்று பெட்டியை மேஜைமேல் வைத்து, ஒரு பிஸ்கட்டை எடுத்து மகள் வாயில் திணித்தாள்.

“நாக்கு நீலமாகற பிஸ்கட்! முதல்ல இவ தின்னு காட்டுவா, பாருங்க!”

மகள் மென்றாள். நாக்கை நீட்டினாள். கூடமே கைதட்டியது. எனக்கு, எனக்கு என்று பிள்ளைகள் மேலே விழுந்தன. மாமனார்கூட ஒன்று கேட்டு வாங்கித் தின்று, நீலமான பொய்ப்பல்லைக் காட்டிச் சிரித்தார்.

நாத்தனார் மட்டும் தயங்கினாள். தலைமை ஆசிரியை. மாலையில் பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடையேறிப் பேச வேண்டும்.

“கழுவினா போயிடும்ல?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னிக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதே, என்ன?”

“மனசுலயா? சேச்சே. ஒரு வாய் தண்ணி விட்டுக் கொப்புளிச்சா போயிடும் அண்ணி. ரெண்டா எடுத்துக்குங்க.”

பெட்டியை நீட்டினாள். காலையிலிருந்து முந்தானைக்குள்ளேயே இருந்த இடது கை இப்போது பெட்டிக்கு அடியில் இருந்தது. இடது கைப் பழக்கக்காரி முந்தாநாள் அந்தப் பூரணத்தைப் பிசைந்த கை. எத்தனையோ தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும், ஐந்து விரலும் இன்னும் கருநீலமாகவே இருந்தன.