இறங்காத ஏழு

நாற்பத்தொன்றிலும் மீதி வந்துவிட்டது.

அவர் பேனாவை ஒரு உதறு உதறிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் முழுக்க வகுத்தல் கணக்கு. எல்லாவற்றிலும் ஒரே எண்.

1022117.

உள்ளே இருக்கும் மகளின் கையில் கட்டிவிட்ட எண்.

பஸ்ஸில் போனால் எதிரே வருகிற வண்டி நம்பரையெல்லாம் உடைத்துக்கொண்டே வருவாள் ஆதிரை. எதிலும் உடையாத நம்பருக்கு ஒத்தக்கட்டை என்று பேர் வைத்திருக்கிறாள். இதயத்து ஓட்டையை அடைக்க ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அதே வாய்தான்.

"அப்பா, என் நம்பர் எதுல உடையும்னு பாத்து வைங்க. வந்து கேப்பேன்."

வந்து கேட்பாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் மனுஷன். உடைந்தால் வருவாள் என்று அவராகவே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். லாரி ஓட்டுகிறவர். எட்டாவதோடு நின்ற படிப்பு. பாவம், வேறு என்னதான் செய்வார்? கதவு அந்தப் பக்கம் அல்லவா தாழிட்டிருக்கிறது.

மத்தியானமே வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும். வெயில் சாய்ந்துவிட்டது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னண்ணே, லாட்டரி நம்பரா?" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். "விழுந்தா எனக்கும் ஒரு டீ சொல்லுங்க."

அவர் அடுத்த கணக்குக்குக் கோடு போட்டார்.

மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவர் பெண்சாதி கணக்கு டீச்சர். ஆயிரத்துப் பத்து வரைக்கும் பகா எண்களாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் உடையாவிட்டால் அப்புறம் உடையவே உடையாது. அது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. நம்பருக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அதையும் விழுங்கிவிட்டாள்.

நாற்பத்து மூன்று.

நூற்றிரண்டில் இரண்டு தடவை. இரண்டை இறக்கினார். மூன்று தடவை. ஒன்றை இறக்கினார். ஏழு தடவை. இன்னொரு ஒன்றை இறக்கினார். முந்நூற்றொன்று.

ஏழு தடவை. அதுவும் முந்நூற்றொன்று.

சைபர்.

"ஏ புள்ள..." கவரை அவள் பக்கம் நீட்டினார். "ஒடைஞ்சிருச்சு பாரு."

அவள் பார்த்தாள்.

கடைசி ஏழு மேலேயே நிற்கிறது. அவர் அதை இறக்கவே இல்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற தப்பு. சைபரைக் கண்டதும் சந்தோஷத்தில் நிறுத்திவிடுவார்கள். எத்தனை பேப்பரில் சிவப்பு மையால் சுழித்திருப்பாள்! அரை மார்க் விட்டுக்கொடுத்ததில்லை.

"சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்குங்க."

அவர் கவரை மடியில் கவிழ்த்துப் போட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் அழுதார்.

அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கண் மட்டும் கதவிலேயே இருந்தது.

பேனா இல்லாமல், காகிதம் இல்லாமல், மனசுக்குள் நாற்பத்தேழால் வகுக்க ஆரம்பித்தாள்.