பிற்பகல் திருடன்

"இதோ, இதோ! கையும் களவுமா மாட்டிக்கிட்டான் பாருங்க!"

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அவர் விரலை வைத்து அழுத்தியதில் கணினித் திரை ஒருமுறை ஆடி நின்றது.

படத்தில் தம்பி. ஓடையோரம் குனிந்து, தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையின் பலகையில் கை வைத்திருந்தார். அதே தம்பி இப்போது அந்த அறையில், போட்ட நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்க ஐயா. இன்னும் படம் இருக்கு" என்றார் நீர் அலுவலகப் பொறியாளர். வயதில் சின்னப் பெண்தான். ஆனால் அண்ணன் தம்பி தகராறுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்.

விஷயம் இதுதான். மேலே தம்பி நிலம், கீழே அண்ணன் நிலம். இரண்டுக்கும் ஒரே ஒரு சின்ன ஓடை. கோடை வந்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் அண்ணன் பக்கம் தண்ணீர் நாலு விரல் இறங்கிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பழையபடி ஏறியிருக்கும்.

"நான் கண்ணசர்ற நேரம் பார்த்துத் திருடறான்" என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொன்னார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால், "வாங்க தண்ணித் திருடரே!" என்றார். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவிக்கொண்டு போனார்.

அண்ணன் மனைவி இருந்தவரை இப்படி இல்லை. தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதிலிருந்து கல்யாணம் பண்ணி வைத்தது வரை அந்த அண்ணிதான். அவர் போய்ச் சேர்ந்தார், இரண்டு வீட்டுக்கும் பேச்சும் போனது.

கடைசியில் அலுவலகத்துக்கே மனு வந்துவிட்டது. தம்பியின் மடைக்குப் பூட்டுப் போட வேண்டுமாம். பூட்டினால் தம்பியின் பயிர் இந்தக் கோடையைத் தாண்டாது. அது அண்ணனுக்கும் தெரியும்.

பொறியாளர் இரண்டு கேமராக்களைக் கொண்டுவந்து மரத்தில் கட்டினார். காட்டில் மிருகங்களைப் படம் பிடிக்கக் கட்டுவார்களே, அந்த வகை. எதிரே ஓடைக்குள் கோடு போட்ட ஓர் அளவுகோல். கால் மணிக்கு ஒரு படம் தானாக எடுக்கும். ஒன்று தம்பி நிலம் முடிகிற இடத்தில். இன்னொன்று கீழே, அண்ணனின் வாய்க்கால் பிரிகிற இடத்தில்.

முதலில் ஒரு மாடு அளவுகோலில் முதுகு சொறிந்துகொண்டதையும், ஒரு கொக்கு அதன் மேல் நின்று போஸ் கொடுத்ததையும் கேமராக்கள் விசுவாசமாகப் படம் பிடித்தன. அப்புறம்தான் தம்பி மாட்டினார்.

"தினமும் வர்றான் பாருங்க, தினமும்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பூட்டைப் போடுங்கம்மா."

"அவர் என்ன பண்றார்னு நல்லாப் பாருங்க ஐயா. பலகையைத் தூக்கலை, இறக்கறார். தன் மடையை மூடறார்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மூடறானா? பயிர் வாடற வெயில்ல எவனாவது மடையை மூடுவானா?"

"இவர் மூடியிருக்கார். அதனால இவர் நிலத்தைத் தாண்டி வர்ற தண்ணி மத்தியானத்துல கூடத்தான் செய்யுது. மேல் கேமராவுல தெரியுது பாருங்க."

"அப்போ என்கிட்ட வர்றதுக்குள்ள அது எங்க போகுது?"

"ரெண்டு கேமராவுக்கும் நடுவுல யார் நிலம்?"

"என் நிலம்தான்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. கரை நெடுக மரம்."

"அந்த மரம்தான் குடிக்குது."

அண்ணன் சிரித்துவிட்டார். "ஏம்மா, மரம் குடிச்சா ஓடை இறங்கும்? அது என்ன மாடா?"

"மாட்டை விட ஜாஸ்தி குடிக்கும் ஐயா. வெயில் ஏற ஏற வேர் இழுக்கும். ராத்திரி அடங்கிடும், காலையில ஓடை ஏறிடும். இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையா நிக்கற மாசத்துல என்னைக்காவது தண்ணி இறங்கியிருக்கா?"

அண்ணன் யோசித்தார். இறங்கியதே இல்லை. அந்த மாதங்களில் தம்பிக்குப் புத்தி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் தம்பியிடம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் மேடம். துளிர் விட்டா ஓடை இறங்குது, இலை கொட்டினா ஏறுது. வருஷா வருஷம் பார்க்கறேனே."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை? இவ்வளவு பேச்சு வாங்கியிருக்கீங்க. இன்னைக்கு மடையே போயிருக்கும்."

தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சம் வந்தாலும் அவருக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அட, இவ்வளவுதானே? மரம்தானே? நாளைக்கே ஆள் வெச்சு ஒண்ணு விடாம வெட்டிச் சாய்ச்சுடறேன். பிரச்சினை தீர்ந்துச்சு!"

தம்பி அப்போதுதான் கதவோரத்தை விட்டு நகர்ந்தார். அண்ணன் பக்கத்தில் வந்து, எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்ணே. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். அண்ணி வெச்ச மரம்ணே அது."