டம்ளரில் கிடந்த பல்

தாத்தாவின் பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்த கைமுறுக்கை இலை நிறைய வைத்திருந்தார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தப் போன நேரத்தில்தான் மங்கைக்கு உறைத்தது. தாத்தாவின் பல்செட்டு இன்னும் குளியலறையில், டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. அவரை எடுத்துப்போன அன்று அழுத அழுகையில் யாருக்கும் அது நினைவில்லை. அந்தப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக் கடகடவென்று ஆட்டி, "எனக்குப் பதிலா இது பேசும், கேட்டுக்குங்க" என்று, அவளைப் பெண் பார்க்க வந்தவர்களையே சிரிக்க வைத்த மனிதர். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடி, இலையோரமாக வைத்துவிட்டு வந்தாள்.

"எங்கம்மா போன?" என்றார் அப்பா, கதவை இழுத்துச் சாத்தியபடி.

"தாத்தாவுக்குப் பல்லு வெச்சிட்டு வந்தேன்ப்பா."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறி இருமினார்கள். அவ்வளவுதான், வாசலே குலுங்கிச் சிரித்தது. அப்பா மட்டும் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். பத்து நிமிடம் போனது.

"திறக்கலாமாண்ணே?" என்றார் சித்தப்பா.

"இருடா. முறுக்கு வெச்சிருக்கோம்ல, நிதானமா மென்னு முடிக்கட்டும்."